மொக்கம்மாளின் நற்சாட்சி

9. சந்தையில் நின்ற வண்டி

சுப்புத்தாய் குறுக்கே பாய்ந்து வலது மாட்டின் மூக்கணாங்கயிற்றை எட்டிப் பிடித்தாள்.

மாடு தலையைச் சிலுப்பியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. உள்ளே தவுல் அடித்துக்கொண்டிருந்தவன் முன்பக்கமாகச் சரிந்து குச்சியைத் தவறவிட்டான். இரண்டு பக்கமும் கட்டியிருந்த தட்டிகள் ஆடின. அவற்றில் சிவப்பு எழுத்து, ஆள் உயரத்துக்கு: ‘ஜுரவீரி! ஒரே பாட்டில்! ஒரே நாள்!’

“ஏ பொம்பள, கைய விடு! மாடு முட்டிரும்!” வண்டிக்காரன் கத்தினான்.

“முட்டட்டும். அது வாயில்லாச் சீவன், தெரியாம முட்டும். உன் மொதலாளியக் கீழ எறங்கச் சொல்லு.”

தேனிச் சந்தை நிரம்பி வழிகிற நேரம். வருசநாட்டு மொச்சை மூட்டைகளுக்கும் வெல்ல மண்டிக்கும் நடுவில் வண்டி நின்றதும் நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வந்து சூழ்ந்தார்கள். அதுவரை முழங்கிய தவுலைவிட ஒரு பெண்பிள்ளையின் சத்தம் அதிக தூரம் கேட்டது.

வண்டியின் பின்பக்கத்திலிருந்து சண்முகராஜ் இறங்கினான். ஜுரவீரி கம்பெனியின் ஏஜெண்டு. கறுப்புக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, வெற்றிலைச் சிவப்பு ஏறிய உதட்டில் ஒரு சிரிப்பு.

“என்னம்மா வேணும்?”

“அந்த நோட்டீசு வேணும்.”

“அதுக்கா மாட்டைப் புடிச்சே? கேட்டிருந்தா நூறு தந்திருப்பேனே!”

கூட்டம் சிரித்தது. சுப்புத்தாய் சிரிக்கவில்லை.

“நூறு வேணாம். ஒண்ணு போதும். அதுல மொதல்ல இருக்கிற பேரை உன் வாயால படி. எல்லாருக்கும் கேக்கணும்.”

படிப்பது சண்முகராஜுக்குத் தொழில். தொண்டையைச் செருமிக்கொண்டு ராகம் போட்டே படித்தான்.

“‘கோம்பை மொக்கம்மாள் எழுதிக்கொள்வது. மூன்று மாதம் முறைக்காய்ச்சலில் எலும்பும் தோலுமாய்க் கிடந்தேன். கொய்னா தின்று காது அடைத்து, ரத்தம் சுண்டிப் போனது. தங்கள் ஜுரவீரி ஒரே பாட்டில் குடித்தேன். அன்றே காய்ச்சல் பறந்தது. கொய்னாவைத் தூக்கி எறிந்தேன். இப்போது வயல் வேலை செய்துகொண்டு பரம சௌக்கியமாக இருக்கிறேன்.’ போதுமா?”

“சௌக்கியமா இருக்காளா?”

“இருக்காக. அதுல உனக்கென்ன வருத்தம்?”

“அவ என் கூடப் பொறந்தவ. மாசி மாசம் போய்ச் சேந்தா. குழிய மூடி நாப்பது நாளாச்சு.”

சண்முகராஜின் கையில் நோட்டீசு அப்படியே நின்றது.

மொக்கம்மாளை மறந்திருக்க மாட்டீர்கள். ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிப் போனவள், தையில் காய்ச்சலோடு இறங்கி வந்தாள். தபாலாபீசில் விற்கிற கொய்னாப் பொட்டலத்தில், அந்தக் குயினைன் தூளில், காய்ச்சல் மட்டுப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் இந்த வண்டி கோம்பைக்குள் நுழைந்தது. கொய்னாவை நிறுத்திவிட்டு ஜுரவீரியை ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரம் பாடை கட்டினார்கள். போன வாரம், வெல்லம் மடித்து வந்த தாளை அண்ணன் சுருளியாண்டி எழுத்துக்கூட்டிப் படித்தபோது, அதில் செத்துப்போன தங்கையின் பேர் இருந்தது.

அன்றைக்கு சுப்புத்தாய் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் காலையில் பெரியகுளத்துக்கு நடந்தாள். வக்கீல் குமாஸ்தா முத்துவீரன் அவளிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: “நோட்டீசை வச்சு ஒண்ணும் புடுங்க முடியாது தாயி. அச்சடிச்சவன் மேல பழியப் போட்டுருவான். அசல் கடுதாசிய நாலு பேர் முன்னால அவனே வெளிய எடுக்கணும். இதுதான் அசல்னு அவன் வாயால சொல்லணும்.”

அதற்காகத்தான் இன்றைக்கு மாட்டைப் பிடித்தாள். முத்துவீரனும் வந்திருந்தார். வெற்றிலைக் கடையோரம், கக்கத்தில் குடையோடு, யாருக்கோ காத்திருப்பவர்போல நின்றிருந்தார்.

சண்முகராஜ் சுதாரித்துக்கொண்டான்.

“ஐயோ பாவம்!” என்றான், தலைப்பாகையைச் சரிசெய்தபடி. “கடுதாசி போட்டப்போ சௌக்கியமாத்தான் இருந்திருக்காக. பெறகு வேற சீக்கு ஏதாச்சும் வந்திருக்கும். நாங்க காய்ச்சலுக்குத்தானம்மா மருந்து குடுத்தோம்? ஆயுசுக்குக் கேரண்டி குடுக்கலையே!”

இரண்டொருவர் சிரித்தார்கள். சுப்புத்தாய்க்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது.

“சிரிங்கய்யா! நல்லாச் சிரிங்க! நாளைக்கு உங்க வீட்டுப் பேரையும் இப்படித்தான் ராகம் போட்டுப் படிப்பான்.”

அந்த நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுருளியாண்டி வந்து சேர்ந்தான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

“ஏ சுப்பு! வீட்டுக்கு நட!”

“வரமாட்டேண்ணே.”

“சந்தையில நின்னு கத்துற பொம்பளையின்னு பேரெடுக்கணுமா? ஊருக்காரன் என் மூஞ்சியிலதான துப்புவான்! நட சொல்றேன்!” அவன் குரலைத் தாழ்த்தினான். “கம்பெனிக்குச் சேதி சொல்லி விட்டிருந்தேன். இந்த ஏஜெண்டுக்குத் தெரியாம இருக்கும், அவக வேற ஆளு நேத்தே வீட்டுக்கு வந்து பேசிட்டாக. அடுத்த தடவை அச்சடிக்கையில மொக்கம்மா பேரை எடுத்துர்றதாச் சொல்லியிருக்காக. நானும் சரின்னு சொல்லிட்டேன்.”

சுப்புத்தாய் கயிற்றை விடாமலே திரும்பினாள்.

“சரின்னுட்டியா?”

“வேற என்ன செய்யச் சொல்றே?”

“அடுத்த நோட்டீசுல எடுப்பான். அப்ப இன்னைக்கு இங்கன குடுக்குற நோட்டீசு? இதப் படிச்சுட்டு வாங்கிக் குடிக்கிறவன் சாகட்டுமா?” அவள் குரல் உடைந்து, மறுபடி ஏறியது. “நம்ம படிச்ச நோட்டீசுல யாரு பேரு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? சின்னமனூர்க்காரன் எவனோ. அவன் இருக்கானா செத்தானான்னு நம்ம கேட்டமா? நீ படிச்சே. நான் கொய்னாவ எடுத்துச் சாணிக்குழியில போட்டேன். அவன் பேரை நம்பித்தானண்ணே போட்டேன்?”

சுருளியாண்டி அவள் கையைக் கயிற்றிலிருந்து பிரிக்கப் பார்த்தான்; அவள் விடவில்லை.

“என் தங்கச்சி பேரைச் சொல்லி இனி ஒரு உசுரு போகக்கூடாது. அது இன்னைக்கே முடியணும். அப்புறம் நீ என்னை வெட்டிப் போடு.”

“மொக்கம்மா... செத்துட்டாகளா?”

கேட்டவள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த செபஸ்தியம்மாள். ராயப்பன்பட்டிக்காரி. ஒரு கையில் நோட்டீசு, இன்னொரு கையில் காலி பாட்டில். அவளுக்குப் பின்னால் புளியமரத்தடியில் மாடு அவிழ்த்த ஒரு கட்டை வண்டி நின்றது. அதில் வைக்கோல் மேல் அவள் புருசன் பீட்டர்ராஜ் சுருண்டு கிடந்தான். குமுளிக்கு மேலே தேயிலைக்காட்டில் வேலை பார்த்தவன்.

“சொல்லுக்கா. நெசமாவே செத்துட்டாகளா?” செபஸ்தியம்மாளின் முகம் வெளிறியது. “நான் அந்த அம்மா பேரைப் பாத்துத்தான் வாங்கினேன். கோம்பைக்காரக, பக்கத்து ஊரு, பொய் சொல்ல மாட்டாகன்னு... கொய்னாவ நிறுத்திப்புட்டேனே! ரெண்டு பாட்டில் குடுத்தாச்சு. மூணாவது வாங்க வந்தேன்.”

சுப்புத்தாய் கயிற்றை விட்டாள். இனி அதைப் பிடிக்கத் தேவையில்லை, சந்தையே வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“உனக்குப் படிக்கத் தெரியுமா?”

“கோயில் பள்ளிக்கூடத்துல அஞ்சாப்பு வரைக்கும்.”

“அந்தப் பாட்டில்ல எப்பக் குடிக்கணும்னு போட்டிருக்கு? சத்தமாப் படி.”

சண்முகராஜ் முன்னால் வந்தான். “ஏம்மா, அதெல்லாம் எதுக்கு...”

“படிக்கட்டும்யா!” என்றான் மொச்சை மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒருவன். “மருந்துதான விக்கிறே? மந்திரமா விக்கிறே, நாங்க கேக்கக் கூடாதுங்கிறதுக்கு?”

செபஸ்தியம்மாள் பாட்டிலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு படித்தாள். “‘முறைக்காய்ச்சலுக்கு: காய்ச்சல் வந்து விட்ட மறுநாள் காலை வெறும் வயிற்றில் அருந்தவும். அன்று முழுதும் காய்ச்சல் அண்டாது. காய்ச்சல் உள்ள நாளில் அருந்தலாகாது.’”

“உன் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் எப்படி வருது?”

“ஒரு நாள் விட்டு ஒரு நாள்க்கா. உச்சிக்கு வரும். முந்தாநேத்து வந்துச்சு, இன்னைக்கு வரணும்.”

“நேத்து குடுத்தியா?”

“குடுத்தேன். நேத்தெல்லாம் நல்லா இருந்தாக. கஞ்சி குடிச்சாக. வேலைக்குப் போறேன்னு கூடச் சொன்னாக.”

சுப்புத்தாய் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

“இங்கன முறைக்காய்ச்சல் கண்ட வீடு எத்தனை? கையைத் தூக்குங்க.”

கைகள் எழுந்தன. ஒன்று, நாலு, பத்து. கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் காய்ச்சல் எட்டிப் பார்க்காத வீடு ஏது?

“ஒரு நாள் வருது, ஒரு நாள் விடுது. விட்ட நாள்ல குடின்னு எழுதியிருக்கான். குடிச்சா அன்னைக்குக் காய்ச்சல் வராதாம். நான் கேக்குறேன், அன்னைக்குப் பச்சத்தண்ணியக் குடிச்சா வருமா?”

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு மொச்சை மூட்டைக்காரன் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டான்.

“அடப்பாவி! அன்னைக்கு என் எருமை மூத்திரத்தக் குடிச்சாலும் வராதேடா!”

சிரிப்பு வெடித்தது. ஆனால் அது சிரிப்பாக நீடிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு கிழவர் தலைத்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். “என் மருமகனுக்கு நாலு பாட்டில் குடுத்தேனய்யா...” பக்கத்தில் நின்றவன் தன் மடியிலிருந்த புதுப் பாட்டிலை எடுத்து ஏஜெண்டின் காலடியில் விட்டெறிந்தான். கண்ணாடி சிதறி, பாகு வாசனை பரவியது.

“வெல்லப் பாகுடா இது! நம்ம மண்டிச் சரக்கையே நமக்கு வித்திருக்கான்!”

“கட்டுங்கடா அவனை வண்டிச் சக்கரத்துல!”

“யாரும் கை வைக்கக் கூடாது!” சுப்புத்தாய் கத்தினாள். “நீங்க அடிச்சா அவன் தப்பிச்சிருவான். காயத்தைக் காட்டிட்டுப் போலீசு ஸ்டேஷன்ல போயி உக்காந்துக்குவான். அவன் பதில் சொல்லணும்.”

சண்முகராஜின் சிரிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது. அவனுக்கும் இப்போது கோபம்.

“பதில்தானே? சொல்றேன். கம்பெனிக்கு மதுரையில மூணு வக்கீல் இருக்காக. நீ பேசின ஒவ்வொரு வார்த்தைக்கும் மானநஷ்ட வழக்குப் போட்டு, உன் அண்ணன் நிலத்தை ஏலத்துக்குக் கொண்டு வருவாக. நாங்க என்ன சொந்தமாவா எழுதிக்கிட்டோம்? உன் தங்கச்சி குடுத்ததைத்தான அச்சடிச்சோம்! கைநாட்டோட கடுதாசி இருக்கு!”

வெற்றிலைக் கடையோரத்தில் குடை அசைந்தது.

“கடுதாசி இருக்கா? காட்டு,” என்றாள் சுப்புத்தாய்.

“காட்டுறேன்! இந்த மாதிரி ஆளுக வருவீகன்னு தெரிஞ்சுதான் கையோட கொண்டு வந்திருக்கேன்!”

வண்டிக்குள் தாவி, தகரப் பெட்டியைத் திறந்து, ஒரு கட்டைப் பிரித்து, நாலாய் மடித்த தாளை எடுத்து விரித்தான். கீழே கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை. பக்கத்தில் கம்பெனி முத்திரை.

முத்துவீரன் கூட்டத்துக்குள் நுழைந்து, வெகு மரியாதையாகக் கையை நீட்டினார். “நான் பெரியகுளத்துல வக்கீல் குமாஸ்தா. பாக்கலாமா?”

ஏஜெண்டு ஒரு நொடி தயங்கினான். முன்னூறு கண்கள் அவன்மேல் இருந்தன. கொடுத்தான்.

“இதுதான் அசலா?”

“இதுதான் அசல்.”

“இந்த ரேகை மொக்கம்மா வச்சதுதானா?”

“ஆயிரம் தடவை சொல்லுவேன். ரேகை பொய் சொல்லாதய்யா. ரிஜிஸ்தர் ஆபீசுலயே ரேகையத்தான் நம்புறாக. அவக ரேகை இல்லேன்னு ஒருத்தன் காட்டட்டும், இந்த வண்டிய இங்கனயே கொளுத்திட்டு நான் செயிலுக்குப் போறேன்!”

முத்துவீரன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த தெம்பு மெல்லக் குறைந்தது. சுருளியாண்டியை அருகில் அழைத்தார்.

“உன் தங்கச்சி பேருல பத்திரம் கித்திரம் எதுவும் உண்டா? எங்கயாச்சும் ரேகை வச்சிருக்கா?”

“இல்லைங்க. அவளுக்கு ஏது பத்திரம்? எந்தத் தாள்லயும் கை வச்சதில்ல.”

“அங்கதான் இடிக்குது. ஒத்துப் பாக்கணும்னா அவ ரேகை வேணும். மண்ணுக்குள்ள போனவ ரேகைக்கு நான் எங்க போவேன்?” குமாஸ்தா தாடையைச் சொறிந்தார். “வேற எவனோ அவ பேருல வச்சிருந்தா அது ஆள்மாறாட்டம். ஏஜெண்டும் மாட்டுவான், வச்சவனும் மாட்டுவான். ஆனா வச்சவன் தானா வந்து நான்தான்னு சொல்லுவானா? உள்ள தள்ளிருவாகளே!”

சண்முகராஜின் காதில் அது விழுந்தது. சிரிப்பு மறுபடி உதட்டுக்கு வந்தது.

“பாத்துக்கிட்டீகளா மகாசனங்களே? ஆதாரம் கேட்டா ஆளைக் காணோம். காய்ச்சல் ஆளுக்கு ஆள் வேற மாதிரி, மருந்துக்கு என்ன பண்ணும்? அந்த அம்மா கைப்பட வச்ச ரேகை பேசுது. ஏலே, தவுலை எடு. கடுதாசியக் குடுங்கய்யா இப்படி.”

கூட்டத்தில் ஒரு தளர்வு தெரிந்தது. ‘ரேகை இருக்கே’ என்று யாரோ முணுமுணுத்தார்கள். ‘ரேகை இருந்தா என்ன பண்றது?’ என்றது இன்னொரு குரல். பத்திரத்திலும் கடன் சீட்டிலும் விரல் வைத்து விரல் வைத்து, அந்தக் கறுப்பு வட்டத்துக்குமுன் வாயடைத்துப் பழகிய ஜனங்கள்.

புளியமரத்தடியில் கட்டை வண்டி கடகடவென்று ஆடத் தொடங்கியது.

செபஸ்தியம்மாள் அலறிக்கொண்டு ஓடினாள். பீட்டர்ராஜின் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. வைக்கோலை இரண்டு கையாலும் அள்ளி மேலே போட்டுக்கொண்டு, “போத்து, போத்து” என்று நடுங்கினான். வெயில் உச்சியில் நின்றது. காய்ச்சல் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது.

“யாராச்சும் தபாலாபீசுக்கு ஓடுங்கய்யா! கொய்னா வாங்கிட்டு வாங்க!” சுப்புத்தாய் கத்தியதும் இரண்டு பேர் ஓடினார்கள்.

சுருளியாண்டி அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தங்கையும் இப்படித்தான் நடுங்கினாள். அவன் கண்ணில் நீர் முட்டியது. அடுத்த கணம் ஏஜெண்டுக்கு முன்னால் போய் நின்றான். நேற்றுத் தலையாட்டிய சுருளியாண்டி இல்லை இவன்.

“என் தங்கச்சி வைக்கலய்யா இதை! அவளால எந்திரிச்சு உக்காரக்கூட முடியாது. எந்தப் பாவியோ காசுக்கு வச்சுக் குடுத்திருக்கான். நான் பேசின பேச்சை வாபஸ் வாங்குறேன். நிலம் போனாப் போகட்டும். அவன் மட்டும் என் கையில கெடைச்சான், அந்த வெரலைத் தனியா நறுக்கி எடுக்கலேன்னா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல!”

“நீ நறுக்குறதுக்குள்ள அடுத்த சந்தையே வந்துரும். வழிய விடு!” சண்முகராஜ் அவனைத் தள்ளிவிட்டு, குமாஸ்தாவிடமிருந்து தாளைப் பிடுங்கக் கையை நீட்டினான்.

“குடுக்காதீக!”

சுப்புத்தாயின் குரல் இப்போது உயரவில்லை. ஆனாலும் எல்லாரும் திரும்பினார்கள். அவள் ஏஜெண்டைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள், ஒரு தடவை, முழுசாக. அப்புறம் முத்துவீரன் முன்னால் போய் நின்றாள்.

“மண்டியில மை இருக்கும். கொண்டாரச் சொல்லுங்க. ஒத்துப் பாருங்க.”

“யாரு ரேகையத் தாயி ஒத்துப் பாக்க? மொக்கம்மாதான்...”

“மொக்கம்மா ரேகை எதுக்கு? வச்சவ உசுரோட நிக்கிறா.”

இடது கைப் பெருவிரலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“சுப்பு...” என்றான் சுருளியாண்டி.

“மொதப் பாட்டில் குடிச்ச மறுநாளு கம்பெனி ஆளு ஒருத்தன் வீட்டுக்கு வந்தான்ணே. நீ வயலுக்குப் போயிருந்தே. வெத்துத் தாளு அது, ஒரு எழுத்து இல்ல. சீக்காளி ரேகை வச்சாத்தான் அடுத்த பாட்டில் வரும்னான். பத்து நாளாத் தூங்காதவ அன்னைக்குத்தான் அசந்து தூங்குனா. எழுப்ப எனக்கு மனசு வரல. அவ பேருக்கு நான்தான் வச்சேன்.”